கம்பிப் பாதைக்குக் கீழே

ஜனவரி மாதம், ஆஸ்திரேலியாவுக்கு நடுக்கோடை. திரெட்போவில் கம்பிவட நாற்காலியில் ஏறி மேலே இறங்கினால், கோசியஸ்கோ சிகரத்துக்கு ஆறரை கிலோமீட்டர் நடை. வழியில் பெரும்பகுதி தரைக்கு மேலே தூக்கிப் போட்ட இரும்புக் கம்பிவலைப் பாதை. வெயிலும் மழையும் வலைக்கண் வழியே இறங்குவதால் நம் காலுக்குக் கீழேயே செடி வளர்கிறது.

நான் வந்தது சிகரத்துக்காக அல்ல. ஈரமான ஒரு பள்ளத்தருகே பாதையில் குப்புறப் படுத்தேன். ஸ்பேக்னம் பாசி. ஒவ்வொரு தலையும் ஒரு பொடி நட்சத்திரம், வெளிர்பச்சை மெத்தை. விரல் நுனியால் லேசாகத் தொட்டேன். சில்லென்று நீர் ஊறி விரலைச் சூழ்ந்தது. எடுத்ததும் குழி மெல்ல மேலெழுந்தது. உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்குவரை நீரைப் பிடித்து வைக்கும் செடி இது. அதன் இலையில் உயிரற்ற வெற்று செல்கள் உண்டு, அவைதான் குடங்கள். காட்டுக் குதிரைகளின் குளம்புகள் மிதித்து மெத்தை கிழிந்தால் நீர் வாய்க்கால் கண்டு ஓடிவிடும், பாசி காய்ந்துபோகும்.

எதிர்ச்சரிவில் பாறைக் குவியல். இப்படிப்பட்ட குவியல்களின் இடுக்கில்தான் மலைக் குள்ளப் போசம் வாழ்கிறது. குட்டியைப் பையில் வளர்க்கும் பிராணி. எடை சுமார் 45 கிராம், ஒரு கோழிமுட்டை அளவுகூட இல்லை. 1895இல் புதைபடிவமாக மட்டுமே தெரிந்த இது, 1966இல் ஹோத்தம் மலையின் பனிச்சறுக்குக் குடிலொன்றில் உயிரோடு அகப்பட்டது. இரவில்தான் வெளியே வரும், எனக்குத் தென்படவில்லை. குளிர்காலம் முழுக்கப் பனிப்போர்வைக்கு அடியில் தூங்கும். பனி மெலிந்தால் போர்வை போயிற்று. விழித்ததும் அது தேடுவது சமவெளியிலிருந்து பறந்துவரும் போகாங் அந்துப்பூச்சியை. 2017 முதல் சில ஆண்டு வறட்சியில் பூச்சிகள் வராமல்போக, தாய்களின் பைக்குள்ளேயே குட்டிகள் மடிந்தன. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போசத்துக்காக விக்டோரியா விலங்குக்காட்சியகத்தார் சத்து பிஸ்கட் உருவாக்கினார்கள். 2003 காட்டுத்தீயில் கருகிய பாசிக்கும் நிழல்வலை விரிக்கப்பட்டது, வைக்கோல் கட்டுகளால் நீர் மறிக்கப்பட்டது. ஆனால் கேட்பவர் கண் கலங்குவது போசத்துக்குத்தான். பாசிக்கு முகமில்லை. இந்தப் பாசிச் சதுப்புகள் 2009 முதல் சட்டப்படி அழியும் நிலையில் உள்ளவை என்று சொன்னால், உடன் நடந்தவரே தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார்.

இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே: குளிர். சூடு ஏறினால் போசம் இன்னும் மேலே போகப் பார்க்கும், ஆனால் இந்தக் கண்டத்தில் இதைவிட உயர்ந்த மலை கிடையாது. பாசிக்கு அந்த முயற்சிகூட இல்லை. இருக்கும் இடத்திலேயே காயும்.

முழங்கால் நனைந்து எழுந்தேன். என் விரல் பட்ட இடம் எது என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை.