குடியிருக்க வந்தவர்களின் கோட்டை

தரங்கம்பாடிக்கு நண்பரோடு ஒரு பகல் மட்டும் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள். 1792 என்று ஆண்டு பொறித்த நகர வாயிலுக்குள் நுழைந்து, ராஜவீதியில் சியோன் தேவாலயத்தையும் புதிய எருசலேம் தேவாலயத்தையும் எட்டிப் பார்த்து, கடைசியில் டேன்ஸ்போர்க் கோட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, கடற்காற்று வாங்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கோட்டையிலிருந்து பொடிநடையாக எட்டிவிடும் தூரத்தில், அலைக்கு முகம் கொடுத்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் நேரமிருந்தால் பார்க்கும் இடமாகவே இருக்கிறது. போனவர்கள் வீடு திரும்பிச் சொல்வது, 'அது ஒரு டேனிஷ் ஊர்' என்பது. இந்த முடிவு தவறு. வரிசையைத் தலைகீழாக வைத்துப் பார்ப்பதால் வரும் தவறு. டேனியர்கள் இந்த ஊரை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு துறைமுகத்தில், தஞ்சாவூர் அரசனின் அனுமதியோடு, ஆண்டுக் கப்பம் கட்டக் கடமைப்பட்டுக் குடியிருக்க வந்தவர்கள் அவர்கள்.

கோயிலிலிருந்தே தொடங்குவோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது இது. அந்தக் காலக் கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் வருகிறது. பட்டினம் என்று ஓர் அரசன் தன் பெயரைச் சூட்டும் இடம் வெறும் மணல்திட்டாக இருந்திருக்காது. கோபன்ஹேகனிலிருந்து கப்பல் கிளம்புவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வணிகமும் அதற்கு ஏற்ற கோயிலும் இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியது கருவறையை ஒட்டிய பகுதியும், அதைக் காக்கக் கரையில் கொட்டிய கருங்கற்களும், பின்னால் நடந்த திருப்பணியின் புதுச் சாயமும்தான். பழைமையின் அழகைத் தேடிப் போகிறவருக்கு அந்தச் சாயம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் அதில் பெரிய மதிப்பில்லை. ஆனாலும் ஊரின் வயதைச் சொல்லும் சாட்சி இந்தக் கோயில்தான்.

டேனியர்கள் வந்த கதையே இதற்கு அடுத்த சான்று. 1618-இல் ஓவ் கெட்டே தலைமையில் புறப்பட்ட படையின் குறி தரங்கம்பாடி அல்ல, இலங்கை. அங்கே கண்டி அரசனோடு பேச்சு சரிப்படவில்லை. முன்கூட்டியே வந்த கப்பலைப் போர்த்துகீசியர் காரைக்கால் அருகே தாக்கி அழித்தார்கள். அதில் தப்பிய ரோலன்ட் கிராப் என்ற வணிகர் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் கை ஓங்கியிருந்த காலம் அது. அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வாங்கும் ஆள் கிடைப்பது தஞ்சாவூர் அரசர் ரகுநாத நாயக்கருக்கு லாபமாகவே பட்டிருக்க வேண்டும். 1620-இல் உடன்படிக்கை ஆனது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தோற்றவன் பொன்னேட்டில் கடிதம் அனுப்புவதில்லை. இடம் கொடுக்கும் நிலையில் இருந்த ஓர் அரசனின் கடிதம் அது.

வந்தவர்களின் கை எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதைக் கோட்டையின் முதல் அரை நூற்றாண்டே காட்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய இரண்டடுக்குக் கட்டடம். கீழே வளைவுக் கூரை போட்ட சரக்கறைகளும் சிறையும், மேலே ஆளுநரின் இருப்பிடம். கீழ்த்தளத்தின் பெரும்பகுதியைச் சரக்குக்கே ஒதுக்கியிருப்பதைப் பார்த்தாலே இது முதலில் ஒரு கிடங்கு, பிறகுதான் கோட்டை என்பது விளங்கும். 1640-ஐ ஒட்டி டென்மார்க்கிலிருந்து கப்பல் வரத்து நின்றது. மறு கப்பல் வந்தது 1669-இல். நடுவில் எஞ்சிய ஒரே டேனியர் எஸ்கில் கோங்ஸ்பக்கே. கப்பம் கட்டவில்லை என்று தஞ்சாவூர்ப் படை பலமுறை முற்றுகையிட்டது. அவர் வங்கக் கடலில் கப்பல்களைப் பறித்து, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பிச் சமாளித்தார். நாம் பெருமையோடு பார்க்கும் அந்த மதிலுக்குப் பின்னால் இருப்பது வாடகை பாக்கியும் கடற்கொள்ளையும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பீரங்கி வைத்திருந்தவனை, ஊருக்குள் தண்டனை கொடுத்தவனை, வறுமையில் சிக்கியவர்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியவனைக் குடியிருப்பவன் என்று சொல்வது அவன் குற்றத்தைக் குறைத்துக் காட்டுவதாகாதா? நியாயமான கேள்வி. ஆனால் கப்பம் கட்டியவன் கொடுமை செய்யமாட்டான் என்று யாரும் சொல்லவில்லை. மதிலுக்குள் அவர்கள் அதிகாரம் உண்மையானது. மதிலுக்கு வெளியே அது இல்லை. 1699-இல் தஞ்சாவூர் மராட்டியப் படை சூழ்ந்தபோது சென்னையிலிருந்து ஆங்கிலேயர் உதவிக்கு வர வேண்டியிருந்தது. டேனியர்களைப் பேரரசாக எண்ணிப் பார்க்கிறவர் இந்தப் பலவீனத்தைத் தவறவிடுகிறார். அந்த அடிமை வணிகத்தில் உள்ளூர்த் தரகர்களின் பங்கையும் தவறவிடுகிறார். ஊரைக் கணக்கில் எடுத்தால்தான் பழியின் கணக்கும் சரியாக வரும்.

இன்னொரு மறுப்பு: டேனியர்கள் வராவிட்டால் தரங்கம்பாடியை யார் நினைப்பார்கள், அச்சகம் வந்திருக்குமா? 1706-இல் ஜெர்மானியப் போதகர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்தது டென்மார்க் மன்னரின் ஆதரவில்தான்; 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது; இது பெரிய காரியம். ஆனால் அதே சீகன்பால்கைப் பிடித்து மாதக்கணக்கில் இதே கோட்டையில் அடைத்ததும் டேனிஷ் ஆளுநர்தான். சீகன்பால்குக்குத் தமிழ் வந்தது இந்த ஊர்த் திண்ணைப் பள்ளியிலும், இங்கே திரட்டிய ஏட்டுச் சுவடிகளிலும். டேனிஷ் வணிகக் கம்பெனி அச்சகத்தைப் பெற்றுத் தரவில்லை. ஜெர்மானியப் போதகர்களும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழர்களும் சேர்ந்து செய்தது அது.

கடைசிச் சான்று விற்பனைப் பத்திரம். 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர்கள் போய்விட்டார்கள். 1860 வரை தஞ்சாவூர் மாவட்டத் தலைநகராக இருந்த ஊர், பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகத்தையும் இழந்தது. ஆண்டவர்கள் மாறினாலும் மீனவர் குப்பங்களும் கோயிலும் பள்ளிவாசலும் இருந்த இடத்திலேயே இருந்தன. 2004 சுனாமியில் உயிர்களைப் பறிகொடுத்ததும் அந்தக் குப்பங்கள்தான், கோட்டை நின்றது.

கோட்டையைப் பார்க்காமல் வாருங்கள் என்று சொல்லவில்லை. நல்ல கட்டடம், டேனிஷ் உதவியோடு நன்றாகச் செப்பனிடப்பட்டும் இருக்கிறது. கோயிலில் தொடங்கி, பிறகு கோட்டைக்கு வாருங்கள் என்பதே வேண்டுகோள். கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; அன்றைக்குப் போய் மாட்டிக்கொண்டாலும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.