பாலாற்றுக்கு அக்கரையிலும் காஞ்சிபுரம்

சித்திரைப் பௌர்ணமியன்று காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் ஊரில் இருப்பதில்லை. செவிலிமேடு வழியாகப் பாலாற்றைத் தாண்டி, தூசி, வாகை என்று கழனிக்காட்டு ஊர்களில் நின்று நின்று ஐயங்கார்குளம் போய்ச் சேருகிறார். அங்கே சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டி, பூமிக்குள் இறங்கும் நடவாவிக் கிணறு இருக்கிறது. வருடம் முழுக்கக் கிணற்று மண்டபம் தண்ணீருக்கடியில் கிடக்கும். திருவிழாவுக்கு முன்னால் மோட்டார் போட்டு இறைத்தால்தான் படிகளும் கல்தூண்களும் கண்ணுக்குத் தெரியும். ஈரம் காயாத அந்தப் படிகளில் பெருமாள் இறங்கிப்போய்க் கிணற்றைச் சுற்றி வருவார். திரும்பும் வழியில் பாலாற்று மணலில் பள்ளம் தோண்டி அங்கே ஊறல் உற்சவம். கோயில் நகரம் என்று பெயரெடுத்த ஊரின் சாமி, கோடை உச்சத்தில் கிணற்றையும் ஆற்று ஊற்றையும் தேடிக் குடியானவர்களிடம் வருகிறது. காஞ்சிபுரத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அம்மாவைப் பெற்றவர்களின் ஊர் அந்தப் பக்கம், தூசி-மாமண்டூர் ஏரிப் பாசனத்தில். அரசாங்கக் கணக்கில் அது திருவண்ணாமலை மாவட்டம். ஆனால் உரமூட்டை, டாக்டர், சினிமா, கல்யாணப் புடவை எல்லாவற்றுக்கும் காஞ்சிபுரம்தான். முழுப் பரீட்சை முடிந்ததும் சென்னையிலிருந்து பஸ் ஏறுவோம். போய் இறங்கும்போது நவரை அறுப்பு நடந்துகொண்டிருக்கும். தாத்தா வீட்டுக்கு வருவது சாப்பாட்டுக்கு மட்டும், படுக்கை களத்துமேட்டில். நெல்லை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பதர் பார்ப்பார். எங்களையும் ஊதச் சொல்வார். பகலில் வெளியே ஓடப் பார்த்தால் ஆயா வாசலிலேயே மறித்து, "வெயில் தாழட்டும், அப்பால போலாம்" என்பாள். ஆயாவிடம் பாயும் பனை விசிறியும் பானைத் தண்ணீரும் உண்டு, கதைக்கும் பஞ்சமில்லை.

அறுப்பு முடிவதற்கும் ஏரி வற்றுவதற்கும் சரியாக இருக்கும். கிணறும் மோட்டாரும் வைத்திருந்தவர்கள் சொர்ணவாரிக்கு நாற்று விடுவார்கள். மற்றவர்களின் கழனி ஆடி வரைக்கும் சும்மா கிடக்கும். அந்த நாட்களில் ஏரியே எங்களுக்கு மைதானம். வெடித்த ஏரிமண்ணில் வண்டி இறக்கி வண்டல் வெட்டிக் கழனிக்கு அடிப்பார்கள். வெறும் வண்டியில் நாங்கள் தொற்றிக்கொண்டு போவோம். கரைப் பனையிலிருந்து நுங்கு இறங்கும். களைத்தால் ஒதுங்குவதற்கு மாமண்டூர்க் குன்றில் குடைவரைகள் இருந்தன. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை. அவற்றில் ஒன்றின் கல்வெட்டு அவன் எழுதிய மத்தவிலாச நாடகத்தைக் குறிப்பிடுகிறது என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ஏரிக்குச் சித்திரமேகத் தடாகம் என்று பழம்பெயர். அரசன் குகை குடைந்த இடமும் ஊருக்குச் சோறு போடும் ஏரியும் அடுத்தடுத்து இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சீமையில் ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான். மழைத்தண்ணீரைக் கரை கட்டி நிறுத்தாவிட்டால் இங்கே நெல் இல்லை. நெல் இல்லாமல் கைலாசநாதர் கோயிலும் இல்லை, ஏகாம்பரநாதர் கோபுரமும் இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் பெருமையாகச் சொல்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டியவை. ஓலை போட்டு ஆளெடுத்தது எந்த வேலைக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அவற்றிலேயே பெயர் இருக்கிறது. தாத்தா காலத்தில் அந்த வேலையின் மிச்சம் நீர்க்கட்டியின் கையில் இருந்தது. மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்தக் கழனிக்கு எத்தனை நேரம் என்று முறை வைப்பதும் அவர் பொறுப்பு. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மூட்டை கட்டுவார்கள்.

இக்கரையில் கோடை வேறு மாதிரி. ஆயாவின் தம்பி காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்தார். எங்களுக்குச் சின்னத் தாத்தா. கழனி ஓயும் மாதங்களில்தான் தறி மும்முரமாக ஓடும். மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு விரிக்க முடியாது. சித்திரை, வைகாசியில் அந்தக் கவலை இல்லை; வைகாசி முகூர்த்தச் சேலைகளும் காத்திருக்கும். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட்டு, அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டிருப்பார்கள். ஒரு பாவில் மூன்று சேலை வரும். சைக்கிளில் வருகிறவர் யாரானாலும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். கர்நாடகத்துப் பட்டும் சூரத்து ஜரிகையும் இந்தத் தெருவுக்கு வந்துதான் காஞ்சிபுரம் பட்டு ஆகின்றன.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழையோடு இழை கோத்து வாங்க மூன்று நாடா வேண்டும், தறியில் இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அந்தத் தெருவில் பல வீடுகளில் எங்கள் வயதுப் பிள்ளை. நாங்கள் ஏரியில் ஆடிவிட்டு வந்து வேடிக்கை பார்ப்போம். அவன் காலையிலிருந்து ஓரத்து நாடாவைத் தள்ளிக்கொண்டிருப்பான். அவனுக்கு முழுப் பரீட்சையும் கிடையாது, லீவும் கிடையாது. அவன் அப்பா வாங்கிய முன்பணம் கழியும்வரை அவன் அந்தத் தறியை விட்டு எழ முடியாது. பட்டுத்தறிகளில் கொத்தடிமையாக இருந்த பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்' 2008இல் வந்து, நெசவாளியின் கடனை ஊரறியச் சொன்னது. பட்டின் அழகைப் பேசும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளையும் பேசியாக வேண்டும். இன்று தெருவில் அவர்களைப் போலப் பிள்ளைகளைக் காண்பது அரிதாகிவிட்டது. இந்த ஊரில் என் காலத்தில் நடந்த நல்ல மாற்றம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். இப்போது வயதான கணவனும் மனைவியுமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் கூலி உயர்ந்தால்தான் கோர்வை பிழைக்கும். 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு சேலையின் பெயரைக் காக்கிறது. கூலியை யாராவது கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வரதராஜர் கோயிலில் வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருடசேவை. அக்கரை ஊர்கள் முந்தின ராத்திரியே கிளம்பிவிடும். விடியலில் கோபுர வாசலில் பெருமாளைக் கணநேரம் குடையால் மறைப்பார்கள். வர முடியாமல் சோளிங்கரில் நின்றுபோன தொட்டாசார்யார் என்ற பக்தருக்காக அந்தக் கணம். ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுவாள். மிளகும் சுக்கும் மணக்க, மந்தாரை இலையில் வெந்த கோயில் இட்லியை அன்று வாங்கித் தருவாள். அதோடு எங்கள் லீவும் முடிகிற கட்டத்துக்கு வந்துவிடும்.

இப்போது நவரையை மிஷின் அறுக்கிறது. களத்துமேட்டில் யாரும் படுப்பதில்லை. பாலாற்றில் மணல் அள்ளிய இடங்களில் அடிமண் தெரிகிறது. ஆனாலும் 2021 நவம்பரில் ஆறு இரு கரை தொட்டு ஓடியது, ஏரிகள் நிரம்பின.

ஊருக்கு வடக்கே வேறு கதை. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பல ஊர்களின் நிலம் அதற்குள் வருகிறது. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாகக் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அந்த ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் கழனியையும் ஏரியையும் தர மாட்டோம் என்று கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறார்கள். காஞ்சிபுரத்துக்குச் சேலை எடுக்கவோ சாமி கும்பிடவோ வருகிறவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கி அந்த ஊர்ப்பக்கமும் போய்வர வேண்டும். கைலாசநாதர் கோயிலைக் கட்ட வைத்த நெல் எப்படிப்பட்ட மண்ணில் விளைந்தது என்று அங்கே நேரில் பார்க்கலாம்.