ரேகை வைக்காத தண்டட்டி

எழுபதுகளின் நடுவில், உசிலம்பட்டியில் என் தந்தையின் நகைப் பட்டறைக்கு நான்தான் கணக்கெழுதினேன். அப்போது எட்டாம் வகுப்பு மாணவன். உமியோட்டின் முன் குந்தி, ஊதுகுழலால் நெருப்பை ஊசிமுனையாக்கத் தெரிந்த அப்பாவுக்கு, அரசு வகுத்த கணக்கேட்டின் கட்டங்களை நிரப்பத் தெரியாது. யாரிடமிருந்து வந்தது, எவ்வளவு எடை, என்ன மாற்று, என்ன செய்யப்பட்டது, எப்போது திரும்பிப் போனது என்று ஒவ்வொரு குன்றிமணிப் பொன்னுக்கும் நான் வரலாறு எழுத வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கேடு எங்கள் வீட்டுக்குள் வந்த கதை நீளமானது. 1962 சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. பொன்மீது மக்களுக்குள்ள ஆசையையும் கடத்தலையும் ஒருசேரக் கட்டுப்படுத்த 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. மொரார்ஜி தேசாய் அப்போது நிதியமைச்சர். 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புது நகை செய்யலாகாது என்றார்கள். நூற்றுக்கு 91.6 பங்கு பொன்னுள்ள 22 காரட்டில் பழகிய கைகளுக்கு, 58 பங்கே உள்ள அந்தக் கலவை வேற்று உலோகம். அது விறைப்பானது, நிறம் மங்கியது. அப்படிப்பட்ட பொன்னில் தாலி செய்துகொள்ள எங்கள் பக்கத்தில் யார் வருவார்கள்? நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 1966-இல் மாற்றுக் கட்டுப்பாடு விலகியது. ஆனால் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிலைபெற்றது. வியாபாரிக்கு உரிமம், பொற்கொல்லருக்குச் சான்றிதழ், இருவருக்கும் கணக்கு.

இனி அந்தத் தண்டட்டியின் கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். எங்களுக்குப் பழகிய வீடு. காதிலிருந்து கழற்றிய தண்டட்டி முந்தானையில் முடிந்திருந்தது. பேத்தி கல்யாணத்துக்கு அதை அழித்துச் சங்கிலியாக்க வேண்டும். நான் பெயரும் ஊரும் கேட்டு எழுதினேன். சில நாட்களுக்கு முன் சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி கணக்கைப் புரட்டிப் பார்த்து அதட்டிவிட்டுப் போயிருந்ததால், அப்பாவுக்கு அச்சம். "ஆத்தா, இதுல ஒரு கைநாட்டு வச்சிருங்க" என்றார்.

கிழவியின் முகம் மாறிவிட்டது. "ரேகையா கேக்குற ஆசாரி? ரேகை வைக்கமாட்டோம்னு சொன்னதுக்குத்தானே அன்னைக்கு எங்க ஆளுகளச் சுட்டாக" என்றார். தண்டட்டியை மீண்டும் முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ்ப் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 வரை உயிரோடிருந்தது. இரவில் வெளியூர் போகவும் சீட்டு வாங்கவேண்டிய காலம் அது. ஆகவே அனுமதி, பதிவு, ரேகை ஆகிய சொற்கள் இங்கே வெறும் அலுவலகச் சொற்கள் அல்ல.

அவர் பிறகு எங்கள் பட்டறைக்கு வரவேயில்லை. ஒரு சங்கிலிக்கான கூலி போனதை அப்பா பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் பல நாட்கள் அவர் சரியாகப் பேசவில்லை. சான்றிதழை வாங்கிய நாளிலேயே அவர் பாதி அதிகாரியாகிவிட்டார் என்பதை வெகுகாலம் கழித்தே நான் புரிந்துகொண்டேன். தன்னை நம்பி வருபவரைக் கண்காணிக்கும் வேலையை, கூலியில்லாமல் அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். தொழில் சுதந்திரம் என்றால் லாபம் ஈட்டும் சுதந்திரம் என்றே பேசுகிறோம். வருபவரைச் சந்தேகிக்காமல் இருக்கும் சுதந்திரமும் அதில் உண்டு.

அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு எத்தொழிலையும் செய்யும் உரிமையைத் தருகிறது. நியாயமான கட்டுப்பாட்டையும் அனுமதிக்கிறது. 1969-இல் உச்ச நீதிமன்றம் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மொத்தத்தில் செல்லும் என்றது. ஆனால் சில பிரிவுகளைச் செல்லாதென நீக்கியது. உரிமம் தரும்போது விண்ணப்பிப்பவரின் பொருத்தத்தையும் பொதுநலனையும் பார்க்கலாம் என்ற, எல்லையற்ற சொற்களால் ஆன விதியும் அவற்றில் ஒன்று. ராஜாஜி 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா' ராஜ்யம் என்று சாடியது இத்தகைய சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைத்தான். 1990-இல் சட்டமே நீக்கப்பட்டது. அதற்குள் கடத்தல் ஒழியவில்லை. எங்கள் பட்டறைதான் மூடப்பட்டிருந்தது.

விதியே கூடாது என்பதல்ல என் கட்சி. பொன்னில் செம்பைக் கூட்டும் கை எக்காலத்திலும் உண்டு. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரையை நான் வரவேற்கிறேன். ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள சிறு நகைக்கடைகளுக்கு அதில் விலக்களித்ததையும் வரவேற்கிறேன். அந்த முத்திரை பொன்னைச் சோதித்து, வாங்குபவருக்கு உண்மையைச் சொல்கிறது. பழைய கணக்கேடு ஆளைச் சோதித்தது. உரைகல்லில் தேய்க்க வேண்டியது பொருளைத்தான்.

அந்த ஏடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழவியின் பெயர், ஊர், எடை எல்லாம் என் கையெழுத்தில் உள்ளன. 'திரும்பிய நாள்' என்ற கட்டத்தில் அன்றைய தேதியையே எழுதி வைத்திருக்கிறேன். ஓரத்தில், ரேகைக்காக விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது.