நிரல் ஓடுகிறது, மாணவர் எங்கே?

பொன் கேட்டால் பொன், பூக் கேட்டால் பூ என்று வாரி வழங்கும் கற்பகத் தருவைக் கதையிலே படித்தோம், சிரித்தோம். நிரல் கேட்டால் நிரல் தரும் கருவி இன்று கைபேசிக்குள்ளே வந்து அமர்ந்திருக்கிறது. சிரிப்பதற்கில்லை, இது கதையல்ல. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. அதற்கு முன்பே, 2021 சூனில், நிரலாளர் தட்டச்சிடத் தட்டச்சிட மீதியைத் தானே எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்துவிட்டது. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்திலே ஆய்வாளர் சிலர், முதலாண்டு நிரலாக்கத் தேர்வின் வினாக்களை அப்படியே கோடெக்ஸ் என்னும் கருவியிடம் கொடுத்துப் பார்த்தனர். 71 மாணவர் கொண்ட வகுப்பிலே, அந்தக் கருவி பெற்ற இடம் பதினேழாவது! 2022 தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வு அது. குழந்தை அன்று தவழ்ந்தது, இன்று ஓடுகிறது.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரியொன்றில் நிரலாக்கம் கற்பிக்கும் பணி எனக்கு. திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி, ரெட்டியபட்டி என்று கரிசற்காட்டு ஊர்களிலிருந்து பேருந்தேறி வருகின்றனர் என் மாணவர்கள். வானம் பார்த்த பூமி. பெய்தால் பருத்தி, மிளகாய், மக்காச்சோளம். பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுதல். அந்தக் கரிமூட்டப் புகையிலே கண் எரிய எரிய உழைத்த காசு, பேருந்துக் கட்டணமாக, தேர்வுக் கட்டணமாக வந்து சேருகிறது. வீட்டிலே கணினி இல்லாதவர் பலர். கைபேசி இல்லாதவர் அரியர். இவர்களுடைய வேலையை மதிப்பிட்டு எண் போடுகிறோமே, அந்த எண்ணை நம்பித்தான் சென்னையும் பெங்களூரும் இவர்களை உள்ளே அழைக்கின்றன, அல்லது வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றன.

"கருவி வந்தது, கல்வி கெட்டது" என்று ஆசிரியர் அறையிலே அன்றாடம் ஒப்பாரி கேட்கிறேன். கெட்டது இப்போதுதானா? ரெக்கார்டு நோட்டு என்றொன்று வைத்திருக்கிறோமே, அதை எடுத்துப் பாருங்கள். பாடத்தின் பன்னிரண்டு நிரல்களும் ஆண்டுதோறும் அவையேதாம். அண்ணன் எழுதியதைத் தம்பி எழுதுவான், தம்பியினதைத் தங்கை எழுதுவாள். காற்புள்ளி பிசகாமல், பிழை இருந்தால் அந்தப் பிழையும் பிசகாமல் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும்! நாமும் சிவப்பு மையால் கையெழுத்திட்டு, "நன்று" என்று எழுதி மதிப்பெண் வழங்கினோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலே பைத்தான் மொழி வைத்தார்கள், வரவேற்றேன். ஆனால் செய்முறைத் தேர்வுக்குரிய நிரல்கள் பாடநூலின் பின்பக்கத்திலேயே அச்சாகியுள்ளன. நெட்டுருச் செய்தவன் கரையேறுவான். எழுதியதை மட்டும் பார்த்தோம், எழுதியவரைப் பார்க்கவில்லை. பலகாலமாகப் புழுத்துக் கிடந்த மரத்தை இந்தக் கருவி ஒரு தட்டுத் தட்டிற்று, பொடி கொட்டுகிறது.

திருடனைப் பிடிக்கவும் கருவி உண்டு என்கின்றனர் சிலர். மாணவர் இருவரின் நிரல்களை ஒப்பிட்டு, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா என்று காட்டும் மாஸ் என்ற கருவி 1994 முதலே இருக்கிறது. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினால் அதனிடம் அகப்படுவார். கேட்கும்போதெல்லாம் புதிதாக எழுதித் தரும் எந்திரத்தை எதனோடு ஒப்பிடுவது? எந்திரம் எழுதிய உரையை எந்திரமே காட்டிக்கொடுக்கும் என்று, சாட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் கருவியொன்றை வெளியிட்டது. அதே ஆண்டு சூலையில், போதிய துல்லியம் இல்லை என்று கூறி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெற்றவளுக்கே பிள்ளையின் அடையாளம் தெரியவில்லை! இன்னொன்றும் கேளுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தம் கையால் எழுதிய கட்டுரைகளுள் பாதிக்கும் மேற்பட்டவற்றை, இத்தகைய கருவிகள் எந்திரத்தின் எழுத்தென்று தவறாகக் குற்றஞ்சாட்டின என்று 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டனர். நிரலுக்கும் உரைக்கும் வேறுபாடு உண்டுதான். ஆயினும், ஐயத்தின் அம்பு யார் நெஞ்சை நாடிப் பாய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இங்கே பாய்ந்ததை நான் கண்டேன். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் பெண். தாய் மிளகாய்க் காட்டுக் கூலி. இணைப்புப் பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் நிரலை எழுதி வந்தாள். செம்மையான நிரல். "இவ்வளவு ஒழுங்காக உனக்கு எழுத வருமா?" என்று கேட்டார் தேர்வாளர் ஒருவர். ஒழுங்கே குற்றமாகிவிட்டது! அடுத்த கேள்விகள் ஆங்கிலத்தில், அடுக்கடுக்காக. அவள் தலைகுனிந்து நின்றாள். மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, அவர் மதிப்பெண்ணைக் குறைக்க முனைந்தார். நான் குறுக்கிட்டு, "தமிழிலே சொல்லம்மா, இந்த இரு வரிகளையும் இடம் மாற்றினால் என்னாகும்?" என்று வினவினேன். சுண்ணக்கட்டியை எடுத்தாள், கரும்பலகையிலே தொடர்வண்டிப் பெட்டிகள் போல நான்கு கட்டங்கள் வரைந்தாள். "நடுப்பெட்டியை முதலில் அழித்துவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டிகளின் முகவரியும் அதோடு போய்விடும் ஐயா. முன்பெட்டியைப் பின்பெட்டியோடு கோத்துவிட்டுத்தான் நடுவில் இருப்பதைக் கழற்ற வேண்டும்" என்றாள். பாடநூல் இரண்டு பக்கத்தில் சொல்வதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள்!

அவளுக்கு அடுத்து வந்த இளைஞனின் நிரலும் அதேபோல் ஓடிற்று. நல்ல ஆங்கிலம், தயங்காத பேச்சு. பட்டியலில் ஒன்றுமே இல்லாதபோது உன் நிரல் என்ன செய்யும் என்றேன். ஓடும் ஐயா என்றான். ஓட்டிக் காட்டச் சொன்னேன். நிரல் அந்த இடத்திலேயே முறிந்து விழுந்தது. தாளில் இருந்த இரண்டையும் மட்டும் பார்த்திருந்தால், எந்தத் தராசு இவ்விருவரையும் பிரித்துக் காட்டியிருக்கும்?

அருப்புக்கோட்டை நெசவூர். முழுச் சேலையை மட்டும் பார்த்து ஒருவனை நெசவாளி என்று அங்கே ஒப்புவதில்லை. பாவு இழை அறுந்தால், ஆயிரம் இழைகளுக்கிடையே அறுந்தது எது என்று கண்டு முடியத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதைத்தான் நான் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தேன். ஓடும் நிரலை எழுதி வா என்பதை விட்டேன். ஓடாத நிரலைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து, இழை எங்கே அறுந்தது என்று காட்டச் சொல்கிறேன். ஒவ்வொரு தொகுதிக்கும் வேறு வேறு பிழை. வீட்டுப் பணிக்குக் கருவியைத் தடுப்பதில்லை. தடுத்தால் யாருக்கு நட்டம்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காசு கட்டி உயர்ந்த கருவியை மறைவிலே பயன்படுத்துவான். நம் கரிசற்காட்டுப் பிள்ளை விதிக்கு அஞ்சிக் கையைக் கட்டிக்கொள்ளும். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு நள்ளிரவிலும் சலிக்காமல் விளக்கம் தரும் துணை அது. ஆகவே, கேட்டுப் பெறு, கேட்ட கேள்வியையும் உடன் எழுதி வா, பிறகு என்முன் அமர்ந்து அதை மாற்றிக் காட்டு என்கிறேன். தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்கலாம், கலந்தும் பேசலாம்.

"நேரம்?" என்பர் நண்பர். நியாயமான கேள்வி, இதற்கு இனிப்பான விடை என்னிடம் இல்லை. வகுப்பிலே அறுபது பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் முந்நூறு நிமிடம், முழுதாக ஐந்து மணி நேரம். திருச்சுழிப் பக்கம் போகும் மாலைப் பேருந்து தப்பினால் அந்தப் பிள்ளைகள் இருட்டிலே வீடு போய்ச் சேர வேண்டும். ஆகையால் தொலைவூர்ப் பிள்ளைகளை முதலில் அழைக்கிறேன், உள்ளூர்ப் பிள்ளைகள் காத்திருப்பர். ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தக் கழிந்த மணிகளை இதற்குத் திருப்பிவிட்டேன். அந்த நோட்டுகள் இன்னும் மேசைமேல் அடுக்காக உயர்ந்து நிற்கின்றன. விதி கேட்கிறது, கையெழுத்திடுகிறேன். மதிப்பெண் படிவத்திலே, பிழை கண்டு திருத்தியதற்கென்று தனிக் கட்டம் கிடையாது. வைவா என்ற கட்டத்திலேதான் எழுதியாக வேண்டும், அதற்கு இருப்பதோ பத்து மதிப்பெண். அந்தப் பத்தை முப்பதாக்குங்கள் என்று பாடத்திட்டக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.