ரசவாதம்: நான் ஆரம்பித்த மதம்

மதம் ஆரம்பிப்பது ரொம்ப சுலபம். ஒரு லேப்டாப், சுமாரான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் இருக்கிறது என்பதை மறக்கிற மன உறுதி. இந்த மூன்றும் இருந்தால் போதும். நான் இதுவரை நாலு மதம் ஆரம்பித்திருக்கிறேன். மூன்று அழிந்தே போய்விட்டன. நாலாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் க்ரூசேடர் கிங்ஸ் 3. ஸ்டாக்ஹோமில் இருக்கிற பாரடாக்ஸ் என்ற கம்பெனி 2020-இல் வெளியிட்டது. சுட்டுத்தள்ளுகிற கேம் இல்லை. ஒரு பெரிய வரைபடம், அதில் நீங்கள் ஒரு இடைக்கால ராஜா. 867-இலோ 1066-இலோ ஆரம்பித்து 1453 வரை போகலாம். ராஜா செத்தால் வாரிசாக விளையாட வேண்டும். கல்யாணம், சதி, வரி, சண்டை எல்லாம் உண்டு. பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நாம் ஏதோ எக்ஸெல் ஷீட் போட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். என் அப்பாவே ஒரு தடவை அப்படி நினைத்துப் பெருமைப்பட்டார் :-)

இதற்கு முந்தைய பாகம் 2012-இல் வந்தது. அதில் மதங்கள் எல்லாம் ரெடிமேட். 2018-இல் வந்த 'ஹோலி ஃப்யூரி' என்ற விரிவாக்கத்தில்தான், பழைய இயற்கை வழிபாட்டு மதங்களை நம் இஷ்டப்படி சீர்திருத்திக்கொள்ள வழி கிடைத்தது. மூன்றாம் பாகத்தில் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் தன் மதத்திலிருந்து பிரிந்து புது மதம் காணலாம். பெயர், சின்னம், நிறம் எல்லாம் நம் விருப்பம்.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் மூன்று அடிப்படைக் கொள்கைகள். துறவு, பக்தி, முன்னோர் வழிபாடு, சூரிய வழிபாடு, நரபலி என்று ஒரு நீளமான பட்டியல் இருக்கும். அதிலிருந்து மூன்றே மூன்று எடுக்கலாம். அதற்குப் பிறகு சட்டதிட்டங்கள். ஆண் பெரிதா, பெண் பெரிதா, இருவரும் சமமா? எத்தனை கல்யாணம்? விவாகரத்து உண்டா? பூசாரி யார், அவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா, கோவில் நிலம் அவர் கையிலா ராஜா கையிலா? கடைசியாக ஒரு பகுதி, எது எது குற்றம் என்று. கள்ள உறவு, ஒருபால் உறவு, மாந்திரீகம், சொந்த ரத்தத்தையே கொல்வது. பெரும்பாலானவற்றுக்கு எதிரே மூன்று பெட்டி: ஏற்கப்பட்டது, இழிவானது, குற்றம்.

எல்லாவற்றுக்கும் விலை உண்டு. 'பக்தி' என்பதே இந்த விளையாட்டில் ஒரு நாணயம். மாதாமாதம் வருமானமாக வரும். யாத்திரை போனால் போனஸ். சேர்த்து வைத்து மொத்தமாகச் செலவழிக்கலாம். பி.காம். படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடவுள் விஷயம் கடைசியில் ஒரு முதலீட்டுக் கணக்காகிவிட்டது.

நான் எடுத்துக்கொண்டது 867-ஆம் வருடம், உப்சாலாவில் இருக்கும் பியோர்ன் அயர்ன்சைட். வைக்கிங் ராஜா. ஓடின், தோர் என்று கும்பிடுகிற பழைய வடநாட்டு மதம். அதைச் சீர்திருத்த வேண்டுமானால் ஐந்து புனிதத் தலங்களில் மூன்றைக் கைப்பற்ற வேண்டும், கூடவே எக்கச்சக்கமான பக்தியும் சேர்க்க வேண்டும். நிஜ வரலாற்றில் இந்தச் சீர்திருத்தம் நடக்கவே இல்லை. அந்த மதத்துக்கு ஒரு பொதுப் புத்தகம் இல்லை, எல்லாருக்கும் மேலே ஒரு தலைமைக் குரு இல்லை. டென்மார்க்கில் ஹரால்ட் ப்ளூடூத் 965 வாக்கில் கிறிஸ்தவரானார், டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியது நான்தான் என்று யெல்லிங் என்ற ஊரில் கல்வெட்டே வைத்தார். (ஆமாம், நம் போனில் இருக்கிற ப்ளூடூத் அவர் பெயர்தான்.) வரலாற்றில் நடக்காததை லேப்டாப்பில் நடத்திப் பார்ப்பதுதான் இதில் சுவாரசியமே.

மூன்று நாள் ராத்திரி கண் முழித்து நடத்திவிட்டேன். என் மதத்துக்கு 'ரசவாதம்' என்று பெயர். விடுதி மெஸ்ஸில் வாரம் ஏழு நாளும் ஊற்றுகிற ரசத்தின் நினைவாக வைத்தது. ஆண் பெண் சமம் என்று போட்டேன். ரொம்ப முற்போக்கு என்று நினைக்காதீர்கள். அப்படிப் போட்டால் பெண்களையும் அமைச்சராக்கலாம், திறமையான ஆள் கிடைக்கிற வாய்ப்பு இரட்டிப்பாகும். கோவில் நிலத்தை ராஜா கையில் வைத்தேன், வரிக்காக. எல்லாமே கணக்குதான்.

குற்றப் பகுதிக்கு வந்ததும் இன்னும் நல்ல கணக்கு ஒன்று தோன்றியது. இந்த விளையாட்டில் ஒற்றர் தலைவர் என்று ஒருவர் இருப்பார். அரண்மனையில் யார் என்ன ரகசியம் வைத்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதே அவர் வேலை. ஒருத்தரின் ரகசியம் நமக்குத் தெரிந்தால் அவர் குடுமி நம் கையில். அந்தச் செய்கை நம் மதத்தில் 'இழிவானது' என்றால் அது பலவீனமான பிடி, ஒரு முறைதான் உதவும். 'குற்றம்' என்றால் வலுவான பிடி, திரும்பத் திரும்ப உதவும். நிர்வாகத் திறமையில் ஒரு குறிப்பிட்ட படிக்குப் போய்விட்டால் அந்தப் பிடியைக் காட்டிக் காசும் கேட்கலாம். அப்புறம் என்ன? எத்தனை விஷயத்தைக் குற்றமாக்குகிறோமோ அத்தனை வருமானம். கள்ள உறவு, குற்றம். ஒருபால் உறவு, குற்றம். மாந்திரீகம், குற்றம். டக் டக் டக் என்று மூன்று சொடுக்கு.

என் அறை நண்பன் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் பி.காம். தான். நான் இந்த வருமானத் திட்டத்தை ப்ராஜெக்ட் பிரசன்டேஷன் மாதிரி விளக்கினேன்.

"மச்சி, வரி போட்டா ஜனங்க கலகம் பண்ணுவாங்க. இதுல கலகமே கிடையாது. அவனே பயந்து குடுப்பான்."

"நல்லாத்தான் இருக்கு. அந்த ரெண்டாவது லைன்ல என்னடா போட்டிருக்க?"

"குற்றம்தான். அதுலதான் நிறையப் பேர் மாட்டுறாங்க."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பரீட்சை டென்ஷன் போல என்று நான் விளையாட்டைத் தொடர்ந்தேன்.

நாலைந்து நாள் கழித்து விடுதி வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது சொன்னான். அவனுக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பில்லை, எப்போதுமே இருந்ததில்லை என்று. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிளஸ் டூ படிக்கும்போது கூடப் படித்த ஒருத்தன் இவன் போனில் இருந்த மெசேஜ்களைப் பார்த்துவிட்டானாம். வீட்டில் சொல்லிவிடுவேன் என்று அந்த வருஷம் முழுக்க இவனிடம் காசு வாங்கியிருக்கிறான். பெரிய தொகை எல்லாம் இல்லை. ரீசார்ஜ், புரோட்டா, சினிமா டிக்கெட். ஆனால் வாரா வாரம். டியூஷன் நோட்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிய காசு.

"நீ அன்னிக்குக் கணக்கு போட்டுக் காட்டினியே, கரெக்டான கணக்குடா. கலகமே வராது. நானே பயந்து குடுத்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு டீ இறங்கவில்லை.

'அது கேம் தானே' என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நூறு சதவீதம் உண்மை. பாரடாக்ஸ்காரர்கள் அந்த மூன்று பெட்டியையும் வைத்தார்கள், எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதல் பெட்டியில் வைத்திருந்தாலும் விளையாட்டு நடந்திருக்கும். நான் எந்த வெறுப்பிலும் மூன்றாவது பெட்டியை அழுத்தவில்லை. லாபத்துக்காக அழுத்தினேன். ரொம்ப நாள் உறுத்தியது அதுதான். உலகத்தில் இந்த மாதிரிச் சட்டங்கள் எல்லாம் வெறுப்பில் பிறந்தவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்குப் பாதி, யாரோ ஒருவர் ராத்திரி ஒரு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே வசதிக்காகப் போட்டதாகவும் இருக்கலாம் இல்லையா?

அப்புறம் விடுமுறையில் வைக்கிங்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஐஸ்லாந்து கதை கிடைத்தது. அங்கே ராஜா கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை 'ஆல்திங்' என்ற சபை கூடும். 1000-ஆம் ஆண்டு வாக்கில் பழைய மதக்காரர்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டு, நாடே இரண்டு சட்டமாகப் பிரியும் நிலை. நார்வே ராஜா ஓலாவ் வேறு சில ஐஸ்லாந்துக்காரர்களைப் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு மதம் மாறச் சொல்லி நெருக்குகிறார். முடிவு சொல்லும் பொறுப்பு சபையின் சட்ட உரைஞர் தோர்கெய்ரிடம் போகிறது. அவரோ பழைய மதக்காரர். ஒரு பகலும் ஒரு இரவும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பேசாமல் படுத்திருந்தாராம். எழுந்து வந்து சொன்ன தீர்ப்பு: எல்லாருக்கும் ஒரே சட்டம், எல்லாரும் ஞானஸ்நானம் பெற வேண்டும்.

ஆனால் சலுகைகள் உண்டு. குதிரைக்கறி சாப்பிடலாம். வேண்டாத குழந்தையை வெளியில் விட்டுவிடும் பழைய வழக்கம் தொடரலாம் (கொடுமைதான்). மூன்றாவதாக, பழைய தெய்வங்களுக்குப் பலி கொடுக்கலாம், ரகசியமாக. சாட்சி இருந்தால்தான் தண்டனை. சில வருஷங்களில் இந்தச் சலுகைகளும் ரத்தாகிவிட்டன. ஆரி என்ற அறிஞர் 12-ஆம் நூற்றாண்டில் இதை எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்.

அதாவது நிஜமாகவே ஒரு மனுஷன் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக டிக் போட்டிருக்கிறார். உள்நாட்டுச் சண்டை வராமல் தடுத்தார் என்று அவரைப் புகழ்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நான் அந்த மூன்றாவது சலுகையிலேயே நின்றுவிட்டேன். 'செய்துகொள், யாரும் பார்க்காமல் செய்துகொள்.' படிக்கப் பெருந்தன்மை மாதிரி இருக்கிறது. அப்படி வாழ்கிறவனின் பக்கத்து வீட்டுக்காரனை யோசித்துப் பாருங்கள். அவன் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், குடுமி அவன் கையில்.

நம் நாட்டில் 377-ஆவது பிரிவு 1860-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் வந்தது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2013-இல் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் மனம் ஒத்த இரண்டு பேர் விஷயத்தில் அது குற்றமில்லை என்றது. 2023-இல் கல்யாண உரிமை கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. விளையாட்டு பாஷையில் சொன்னால் மூன்றாவது பெட்டியிலிருந்து இரண்டாவது பெட்டிக்கு நகர்ந்திருக்கிறோம். இரண்டாவது பெட்டியில் ஜெயில் இல்லை. ஆனால் ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது, அதனால் அதைக் காசாக்குகிறவனும் இருக்கிறான். நண்பனைப் பிடித்து ஆட்டியவன் போலீசைக் காட்டி மிரட்டவில்லை. 'அம்மாகிட்ட சொல்லிடுவேன்' என்றுதான் மிரட்டினான்.

ரசவாதத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டியை மாற்றலாம் என்று போனேன். முடியாது! ஒரு தடவை மதத்தை அறிவித்துவிட்டால் அதற்குள் ஒரு வரிகூட மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் அதிலிருந்து பிரிந்து இன்னொரு புது மதம் காண வேண்டும். அதற்கு மறுபடி பக்தி சேர்க்க வேண்டும். என் ராஜா சாகும்வரை சேர்த்தும் போதவில்லை, மகன் காலத்தில்தான் முடிந்தது. புது மதம் அறிவித்ததும் சிற்றரசர்களில் பாதிப் பேர் மாற மறுத்தார்கள். நானே உண்டாக்கி நானே பரப்பிய ரசவாதத்தைக் காப்பாற்ற எனக்கு எதிராகவே படை திரட்டினார்கள். தெற்கே இரண்டு மாகாணம் போயிற்று. மூன்று சொடுக்கில் போட்டதை எடுக்க இரண்டு தலைமுறை.

ஆனால் ஒன்று கவனித்தேன். 'ஏற்கப்பட்டது' என்று ஆனதும் ஒற்றர் தலைவர் கொண்டுவருகிற பட்டியலில் அந்த வகை ரகசியங்களே வரவில்லை. ஆட்கள் எல்லாம் அதே ஆட்கள்தான், அவர்கள் விருப்பங்களும் அதேதான். அது ரகசியமாக இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். வருமானம் குறைந்தது உண்மை. அதை மறைக்க விரும்பவில்லை.

நண்பனிடம் இதைக் காட்டினேன். "ரெண்டு மாகாணம் போச்சாடா? பரவால்ல, அடுத்த ராஜா புடிச்சுக்குவான்" என்றான். அவன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லு என்று நானும் சொல்லவில்லை. அங்கே என்ன விலை என்று அவனுக்குத்தான் தெரியும்.

உங்களில் யாராவது இந்த கேம் விளையாடுகிறவர்கள் இருந்தால் ஒரே ஒரு கேள்வி. குற்றப் பகுதியில் நீங்கள் என்ன போடுவீர்கள்? ஏன் போட்டீர்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் யோசித்ததில்லை.

பி.கு.: நண்பன் முழுசாகப் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, சரி என்று சொன்ன பிறகே இதைப் போடுகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் என்ன ஆச்சு என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.