யாரும் கேட்காத மாத்திரை

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் போடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் கேட்கும் காகிதங்களில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை தவறாமல் இருக்கும். கென்யா, உகாண்டா, நைஜீரியா, கானா போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்புகிறவரிடம் அது இல்லையென்றால், வந்து இறங்கியதுமே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

இந்த ஊசியைத் தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள்: சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம், தெற்கே தூத்துக்குடித் துறைமுகம். மருந்து பொடியாக வருகிறது. கரைத்துவிட்டால் அதிக நேரம் வைத்திருக்க முடியாது. அதனால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கு என்று ஏற்பாடு இருக்கும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அட்டை செல்லுபடியாகும். ஞாயிற்றுக்கிழமை விமானம், வெள்ளிக்கிழமை ஊசி என்று வந்து நிற்பவருக்கு யாராலும் உதவ முடியாது.

அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, இனிஷியல் முன்னே பின்னே மாறியிருக்கிறதா, தேதி, மருந்தின் பேட்ச் எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் விழுந்திருக்கிறதா? 2016 ஜூலை 11 முதல் இந்த அட்டை ஆயுள் முழுவதற்கும் செல்லும். 10 ஆண்டு என்று அச்சிட்ட பழைய அட்டையும் அப்படித்தான். தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

*

இவ்வளவு கெடுபிடி எதற்கு? மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் தாராளமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். மஞ்சள் காய்ச்சலின் கிருமி மட்டும் இன்னும் இங்கே வேரூன்றவில்லை. 2016 இல் அங்கோலாவில் நோய் பரவியபோது அங்கிருந்து திரும்பிய 11 பேருக்குச் சீனாவில் மஞ்சள் காய்ச்சல் உறுதியானது. ஆசியாவுக்குள் அந்த நோய் வந்ததாகப் பதிவானது அதுவே முதல் முறை. போகிறவரைக் காப்பதோடு ஊரையும் காப்பதற்குத்தான் அந்த அட்டை. இந்த விஷயத்தில் அதிகாரிகளின் கண்டிப்பை நான் முழுதாக ஆதரிக்கிறேன்.

*

என் கவலையெல்லாம் மலேரியா பற்றித்தான். அதற்கு அட்டை கிடையாது, கவுன்டரில் யாரும் கேட்பதில்லை. அதனாலேயே பையில் மாத்திரை இருப்பதில்லை. "நம்ம ஊர்ல பார்க்காத கொசுவா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் வகை. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி, சில நாட்களில் ஆளைக் கொன்றுவிடக் கூடியது. நாமக்கல்லிலும் சேலத்திலும் வளர்ந்த உடம்பில் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது.

தடுப்பு மாத்திரை உண்டு. டாக்ஸிசைக்ளின் என்றால் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அங்கே இருக்கும் நாளெல்லாம் தினம் ஒன்று. மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் விடக் கூடாது. ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் தங்கி, பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. இந்த மருந்து அதைப் பிடிப்பது ரத்தத்தில். விமானம் ஏறிய அன்றே நிறுத்துகிறவர் இத்தனை நாள் சாப்பிட்டதையும் வீணாக்குகிறார். அடோவாகுவோன்-புரோகுவானில் கல்லீரலிலும் வேலை செய்யும் என்பதால் திரும்பியபின் ஏழு நாள் போதும். ஆனால் விலை அதிகம்.

டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். ரிக் வேலை பார்க்கிறவர் முழுக்கைச் சட்டை போட்டே ஆக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. எது யாருக்கு என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மலேரியாக் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் வண்டியிலேயே படுப்பவருக்கும் மருந்து தோய்த்த கொசுவலை சம்பளத்தைப் போல முக்கியம்.

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்குகிறவர்கள் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

*

ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக்கும் சேர்ந்தது. சவுதி போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். 2000 ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி டபிள்யூ வகை பல நாடுகளுக்குப் பரவியது.

*

மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மா அப்பா. பெட்டியில் பருப்புப் பொடி, பிரசவ மருந்து எல்லாம் ஏறிவிடும். அங்குள்ள மருத்துவர்கள் எதிர்பார்ப்பது வேறு: பச்சைக் குழந்தையைத் தூக்கப் போகிறவர்கள் கக்குவான் இருமல் தடுப்பூசியும் ஃப்ளூ ஊசியும் போட்டிருக்க வேண்டும். குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டால்தான் பலன்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டும் கூடவே இருக்கட்டும். இங்குள்ள பிராண்ட் பெயர் அங்கே எவருக்கும் தெரியாது. இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுப் போகலாம். துபாய், அபுதாபி போகிறவர்கள் டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் இரண்டையும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. குருமாவுக்குப் போடும் கசகசாவும் அங்கே போதைப் பொருள் கணக்கில்தான் வரும்.

*

ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சல். மழைக்காலமாக இருந்தால் டெங்கு, டைபாய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுப்பார்கள். இரண்டும் இல்லை என்றால் வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. எதிரே இருப்பவர் போன வாரம் உகாண்டாவில் இருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. பயண விவரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள்: மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 இல் சான்று பெற்றது. பயணிகளோடு வரும் மலேரியாவை இன்றும் அங்கே கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் போங்கள். எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை முதல் பேச்சாகச் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். முதல் பரிசோதனையில் தெரியாமல் காய்ச்சலும் நிற்காவிட்டால், மறுநாள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.