மறைக்கப்பட்ட நல்ல கண்

"தெரியிற கண்ணை நானே மறைக்கிறேனே, சாமி!" என்று கலங்கினார் நம் பங்கின் இளந்தாய் ஒருவர். ஏழு மாதக் குழந்தை. ஒரு கண்ணில் பிறவிக் கண்புரை அகற்றப்பட்டிருந்தது. நல்ல கண்மேல் ஒட்டிய மறைப்பை அது அழுது பிய்த்தெறிந்தது.

பிரெஞ்சு அறிஞர் புஃபோன் 1743-இலேயே இம்முறையை எடுத்துரைத்தார். குழவிப் பருவத்தில் பயன்படாத கண்ணை மூளை புறக்கணித்துவிடுகிறது. பூனைக்குட்டிகளிடம் இதனை ஆராய்ந்த ஹியூபலும் வீசலும் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். இழந்த காலத்தைப் பிற்காலத்தில் முழுமையாக ஈடுசெய்தல் அரிது. ஆகவே தாயின் இரக்கம் இங்கே கண்ணீருக்கு இணங்கிவிடலாகாது.

ஆயினும் வன்மை வேண்டியதில்லை. குழந்தை உறங்கும்போதே மறைப்பை ஒட்டலாம். கைகளுக்கு மெல்லிய உறை இடலாம். விழித்தவுடன் பாட்டும், பாலும், கருப்பு வெள்ளைப் பொம்மையும் காத்திருக்கட்டும். மருத்துவர் குறித்த நேரத்தை மீறலாகாது; மிகுந்தால் நல்ல கண்ணும் நலிவுறும்.

மறைப்பு அணிந்த வேளையில் அக்குழந்தைக்கு உலகம் மங்கல். அப்போது அது தேடுவது பழகிய குரலை. அன்பர்களே, பார்வை தெளியும்வரை அக்குரல் ஓயாதிருக்க வேண்டும். தாய் களைக்கும்போது தந்தையும் பாட்டியும் அயலாரும் அக்குரலாகலாம் அன்றோ? அவரைத் தனியே விடாதிருப்போம்.